வரிசையை விட்டு ஓர் எறும்பு விலகுவது ஏன்

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களும் பேசின. பேசியது கேட்டவருக்குச் சரியாகவும் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு நம்புவதற்குக் கடினமானது இரண்டாவதுதான்.

புலி பாய்ந்தால் மானின் மேல்தான் விழும். அது மானுக்கும் தெரியும் என்பதால் மான் ஓடுவதில்லை. தன் முறை வந்த அன்று குட்டியை அக்காளிடம் விட்டுவிட்டு வந்து நிற்கும். கொக்கு ஒரு கொத்துக்கு ஒரு மீன் எடுக்கும். தூக்கணாங்குருவி கூடு முடையும்போது ஒரு நார் இழையைக்கூடப் பிரித்து மறுபடி கோப்பதில்லை. ஆலம்பழம் தின்ற பறவை, ஆலமரம் முளைக்க வேண்டிய இடம் வரும்வரை காத்திருந்து எச்சமிடும். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்பதற்கு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் யாருக்கும் கதை சொன்னதும் இல்லை. ஒரு நாள் காட்டுக்குப் போனேன், போன காரியம் முடிந்தது, திரும்பிவிட்டேன் என்பதை எத்தனை பேர் உட்கார்ந்து கேட்பார்கள்?

இவ்வளவு ஒழுங்குக்குக் காரணம், செயல்களைப் பங்கிட்டவளின் கைப்பக்குவம். அவளை வகுத்தவள் என்று அழைத்தார்கள். சமவெளியின் நடுவே ஒரு கரும்பாறை இருந்தது. அதன் மேல் உட்கார்ந்து, மலையளவு பானை ஒன்றை மடியில் சாய்த்துக்கொண்டு, அகப்பையால் அள்ளி அள்ளிக் கொடுப்பாள். பார்ப்பது, கேட்பது, நடப்பது, பாய்வது, நினைவில் வைப்பது, எண்ணுவது எல்லாம் அந்தப் பானைக்குள் இருந்தன. அள்ளும்போது அவை கூழ் போலவும் இருக்காது, வெளிச்சம் போலவும் இருக்காது. வாங்கியவர்களுக்கு மட்டும் உள்ளங்கை சிறிது நேரம் சூடாக இருக்கும்.

பங்கீடு யானையில் தொடங்கியது. உருவத்தின் வரிசையில் இறங்கி இறங்கி எறும்பு வரை வருவதற்குள் மலைகள் தேய்ந்து குன்றுகளாகிவிட்டன.

எறும்புகளின் முறை வந்த அன்று, பானை காலியாவதைப் பார்க்க எல்லா உயிர்களும் பாறையைச் சுற்றிக் கூடியிருந்தன. எறும்புக் கூட்டத்துக்கு முன்னால் நேரி நின்றாள். வரிசையின் தலைவி அவள். குனிந்தாலும் கோணாமல் குனிகிறவள். வகுத்தவள் அவளுக்குச் சுமப்பதைக் கொடுத்தாள். கூடவே இரண்டு விதிகளையும் கொடுத்தாள்.

"வழியின் வாசம் எங்கே இருக்குதோ, அங்கே நட. உனக்கு முன்னால யார் போறாளோ, அவ பின்னால நட. இந்த ரெண்டும் போதும், உங்களுக்கு எந்நாளும் ஒண்ணும் ஆகாது."

"போதும் ஆத்தா," என்றாள் நேரி. அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தோன்றவும் இல்லை.

அகப்பை பானையின் அடியைச் சுரண்டியது. கரக் என்று ஒரு சத்தம் வந்தது. வகுத்தவள் அகப்பையைத் தூக்கிப் பார்த்தாள். அதன் நுனியில் அரைக் கடுகளவுக்கு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நிழலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, அவள் வாயிலிருந்து யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னாள்.

"இது நான் போட்டது இல்லையே."

வகுத்தவளுக்குத் தெரியாத ஒன்று வகுத்தவளின் பானைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அதைப் பாறையின் மேல் வைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை, உருண்டு அவள் விரலுக்கே திரும்பி வந்தது. தனியாக அதனால் எதுவும் செய்ய முடியவில்லை. அப்போது ஓர் ஆமை குளத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. வகுத்தவள் அந்த மிச்சத்தை எடுத்து ஆமையின் நடைக்கு முன்னால் வைத்தாள். ஆமை அதே நிதானத்துடன், அதே நம்பிக்கையுடன் திரும்பி மலையைப் பார்த்து நடந்தது. அங்கிருந்து எடுத்துக் குரங்கின் பார்வைக்கு முன்னால் வைத்தாள். குரங்கு யானையை ஏறிட்டுப் பார்த்து, "அம்மா, எங்கே போயிருந்தே இவ்வளவு நாளா?" என்று கண் கலங்கியது. யானை இன்றுவரை அதை மறக்கவில்லை.

"புரியுது," என்றாள் வகுத்தவள். "இதுக்குன்னு ஒரு செயல் கிடையாது. வேற ஒரு செயலுக்கு முன்னால போய் உட்கார்ந்துக்கும். உட்கார்ந்தா அந்தச் செயல் பக்கவாட்டுல போயிடும். யாருக்கு வேணும்?"

கூடியிருந்த உயிர்கள் எல்லாம் ஓர் அடி பின்வாங்கின.

"பானையில ஒரு துளி இருந்தாலும் நான் எழுந்திருக்க முடியாது. கழுவிக் கவிழ்த்தாத்தான் என் வேலை முடியும்."

"எனக்கு நினைவு ஒண்ணே சுமக்க முடியாத அளவு இருக்குது," என்றது யானை.

"நான் கிளைக்குக் கிளை தாவுறவன். என் நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க," என்றது குரங்கு, யானையைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டே.

"சும்மா கொடுத்தாலும் வேண்டாம்," என்றது காகம். காகம் அப்படிச் சொன்னது அது ஒரு முறைதான்.

மனிதன் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். "நல்ல பொருள்தான்," என்றான். "எங்க பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்துடுங்க."

பாறையின் கீழே எறும்புகள் வரிசையாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. வரிசையின் கடைசியில் போனவள் குறுணி. கூட்டத்திலேயே அவள்தான் சிறியவள். போகிற போக்கில் தலையைத் திருப்பி அகப்பையின் நுனியைப் பார்த்தாள், நின்றுவிட்டாள்.

"அது யாருக்கும் வேண்டாமா ஆத்தா?"

"வேண்டாமாம்."

"அப்போ நான் தூக்கிட்டுப் போறேன். சிந்தினதை விட்டுட்டுப் போனா எங்களுக்கு உறக்கம் வராது."

"இது தின்னுற பொருள் இல்லை, குறுணி."

"தின்ன யார் கேட்டா? தூக்கத்தானே கேட்டேன்."

நேரி வரிசையின் தலையிலிருந்தே குரல் கொடுத்தாள். "உனக்கு எதுக்குடி இந்த வேலை?"

"கிடக்குதே அக்கா," என்றாள் குறுணி.

எறும்புக்கு இதைவிடப் பெரிய நியாயம் கிடையாது என்பதால் நேரியும் விட்டுவிட்டாள். வகுத்தவள் அகப்பையைத் தாழ்த்தினாள். அந்த மிச்சம் குறுணியின் நெற்றியில், இரண்டு உணர்கொம்புகளுக்கும் நடுவில் போய் ஒட்டிக்கொண்டது. பானை காலியானது. வகுத்தவள் எழுந்தாள். அவள் எழுந்தபோது பாறையின் நிழல் தொடுவானம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது என்று சொல்வார்கள்.

அதன் பிறகு எறும்புப் புற்றில் நடந்ததற்கு அங்கே யாரிடமும் சொல் இருக்கவில்லை. குறுணி, அரிசி என்று நினைத்து ஒரு கூழாங்கல்லை இழுத்து வந்தாள். அதைக் கிடங்கில் வைக்கச் சொன்னால் முட்டை அறையில் வைத்தாள். வாசலை எண்ணிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். ஒரே வாசல் இருக்கிற புற்றில் மூன்று வாசல் என்று வந்து சொன்னாள். பொய் சொல்கிறாள் என்று எண்ணவும் வழியில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் மூன்று வாசலையும் கண்ணால் கண்டவளின் தெளிவு இருந்தது.

ஒரு நாள் முணங்கி என்கிற எறும்பு வேலை முடிந்து அசந்து கிடந்தாள். எதற்கும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பவள் என்பதால் அந்தப் பெயர். குறுணி அவளைச் செத்தவள் என்று எண்ணி, மரியாதையாகத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பிணக்குழிக்கு நடந்தாள்.

"அடியே, நான் உயிரோடதான்டி இருக்கேன்," என்றாள் முணங்கி மேலே இருந்தபடி.

"செத்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"எந்தச் செத்தவ சொன்னா உங்கிட்ட?"

குறுணி நின்று யோசித்தாள். அவளுக்கே அது சரியான கேள்வியாகத்தான் பட்டது. இறக்கிவிட்டாள். அன்று புற்றே சிரித்தது. அதற்கு முன்னால் எறும்புகள் சிரித்ததில்லை. சிரிப்பதற்கு யாராவது எங்காவது இடற வேண்டும். அதற்குப் பிறகு, பக்கவாட்டில் போன எந்தக் காரியத்துக்கும் அவர்கள் 'குறுணி வேலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முணங்கி மட்டும் அவளை விடவில்லை. "நீ என்னைப் புதைக்கப் பார்த்தவ. இனிமே எனக்குப் பின்னாலதான் நீ நடக்கணும். அப்போதான் என் முதுகைப் பார்த்து நான் உயிரோட இருக்கேன்னு ஞாபகம் வச்சுப்பே," என்றாள். குறுணியும் ஒப்புக்கொண்டாள். வரிசையில் கடைசியாள் குறுணி, அவளுக்கு முன்னால் முணங்கி என்று ஆயிற்று.

இதற்குள் வகுத்தவள் பானையைக் கழுவத் தொடங்கியிருந்தாள். உலகத்தின் எல்லாச் செயலும் இருந்த பானையைக் கழுவுவது சின்ன வேலை இல்லை. கழுவிய தண்ணீரை அவள் ஊற்றினாள். அதுதான் அந்த ஆண்டின் மழை. அதற்கு முன்னால் அப்படி ஒரு மழை பெய்ததில்லை. முதல் நாளிலேயே தாழ்ந்த நிலத்தில் இருந்த எறும்புப் புற்றுக்குள் ஈரம் ஏறியது.

எறும்புகளின் தாய் எல்லாரையும் கூப்பிட்டாள். கூட்டம் முழுவதையும் பெற்றவள் அவள்தான். தன் அறையை விட்டு வெளியே வந்தது அன்றுதான். "கிழக்கே மூணு நாள் நடந்தா பழைய மேடு ஒண்ணு இருக்குது. வழியின் வாசம் இன்னும் இருக்கும். முட்டைகளை எடுத்துக்குங்க, போவோம்," என்றாள்.

புறப்படும் முன் நேரி குறுணியிடம் வந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் குறுணிக்குப் பயமாக இருந்தது.

"இங்கே கல்லைக் கொண்டுவந்தே, சிரிச்சோம். வழியில அப்படி இல்லை. ஆளுக்கு ஒரு முட்டை வாயில இருக்கும். மேடு போய்ச் சேர்ற வரைக்கும் உன் வேலை ஒண்ணுகூட நடக்கக் கூடாது. நடந்தா, நடந்த இடத்துலயே நீ நின்னுடணும். எங்க கூட வரக் கூடாது."

தனியாக நிற்கும் எறும்பு எத்தனை நாள் இருக்கும் என்று இருவருக்குமே தெரியும்.

"சரிக்கா," என்றாள் குறுணி.

தாய் கடைசி முட்டையைத் தானே எடுத்து அவள் வாயில் கொடுத்தாள்.

இரண்டாயிரம் எறும்புகள் மழையில் புறப்பட்டன. முன்னால் நேரி, வழியின் வாசத்தைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு. நடுவே தாய். கடைசியில் முணங்கியும் குறுணியும். குறுணி தன் நெற்றியில் இருந்ததை இரண்டு உணர்கொம்புகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அடுத்த காலை எங்கே வைக்கிறோம் என்று ஒவ்வொரு காலுக்கும் பார்த்துப் பார்த்து வைத்தாள். முணங்கியின் முதுகைத் தவிர வேறு எதையும் அவள் பார்க்கவில்லை. அவ்வளவு சரியாக அந்த வரிசையில் யாரும் நடக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் கருவேலங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பரந்த மண்தரை வந்தது. மழை அங்கே வழியின் வாசத்தைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. நேரி நின்றாள். இடப்பக்கம் முகர்ந்தாள்; இல்லை. வலப்பக்கம் முகர்ந்தாள், இல்லை. மெல்ல வளைந்து வளைந்து தேடினாள். பின்னால் வந்தவர்களும் அவள் வளைந்தபடியே வளைந்தார்கள். கடைசியில் வாசம் கிடைத்தது. புதிய வாசம், அழுத்தமான வாசம், தன் கூட்டத்தின் வாசம். நேரி அதில் காலை வைத்து நிம்மதியாக நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் குறுணிக்குத் தன் முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கடைசியாளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

"யாரு?" என்றாள் திரும்பாமல்.

"நான்தான்."

"நேரியக்காவா? நீங்க முன்னாலல்ல இருக்கணும்?"

"நான் முன்னாலதான் இருக்கேன்."

"என் பின்னால இருக்கீங்களே அக்கா."

"வாசம் இங்கேதான் இருக்குது. வாசம் இருக்கிற இடத்துல நடக்கிறேன். நீ உன் முன்னால பார்த்து நட. குறுணி வேலை எதையும் தொடங்காதே."

குறுணி வாயை மூடிக்கொண்டாள். தனக்குத் தோன்றுவது எதுவாக இருந்தாலும் அதை நம்பக் கூடாது என்பதை அவள் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள். நேரி சரியாக நடந்தாள். நேரியின் பின்னால் வந்தவள் சரியாக நடந்தாள். இரண்டாயிரம் பேரும் சரியாக நடந்தார்கள், வட்டம் மூடிக்கொண்டது.

எறும்புகள் சுற்றத் தொடங்கின.

அன்று பகல் முழுக்கச் சுற்றின. அன்று இரவு முழுக்கச் சுற்றின. ஒவ்வொரு சுற்றிலும் வாசம் கூடிக்கொண்டே போயிற்று. கூடக்கூட வழியைப் பற்றிய நம்பிக்கையும் கூடியது. மூன்றாம் நாள் விடிந்தபோது மழை ஓய்ந்திருந்தது. செம்மண்ணின் மேல் கரிய சக்கரம் ஒன்று சத்தமில்லாமல் சுழன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு எறும்பின் வாயிலும் ஒரு வெள்ளை முட்டை. பார்ப்பதற்கு அது அழகாக இருந்தது. அந்த அழகுதான் பார்த்தவர்களை நடுங்க வைத்தது.

செய்தி பரவி உயிர்கள் வந்து கூடின. காகம் ஒரு கிளையில் இறங்கியது.

"எறும்பக்கா, சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்கு வர்றீங்க," என்றது.

"வாசம் சரியா இருக்குது," என்றாள் நேரி.

"நீங்க எப்போ வருவீங்கன்னுகூட எனக்குச் சொல்ல முடியும். இதோ, இப்போ அந்தச் சுள்ளிகிட்ட வரப் போறீங்க."

"முன்னால போறவ பின்னாலதான் போறேன். அதுவும் சரியா இருக்குது."

யானை தும்பிக்கையைத் தூக்கியது. ஒரு மூச்சு விட்டால் இத்தனை பேரும் பறந்துபோவார்கள் என்று கணக்கிட்டது. கணக்கு சரி என்பதால் தும்பிக்கையைத் தாழ்த்திக்கொண்டது. வகுத்தவளும் கழுவிய பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். தான் கொடுத்த இரண்டு விதிகளும் துளி பிசகாமல் நடப்பதை அவள் பார்த்தாள். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அவள் கொடுத்ததை அவளே திரும்ப வாங்கும் வழக்கமும் இல்லை.

எறும்புகள் விழத் தொடங்கின. விழுந்தவளின் முட்டையைப் பின்னால் வந்தவள் எடுத்துக்கொண்டாள். அல்லது எடுக்க வாய் இல்லாமல் தாண்டிப் போனாள். செத்தவர்களைச் சுமந்து பிணக்குழிக்குக் கொண்டுபோவது எறும்புகளின் கடமை. ஆனால் அங்கே யாருக்கும் கையும் வாயும் ஒழியவில்லை.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் முணங்கி விழுந்தாள்.

"எழுந்திரு முணங்கி," என்றாள் குறுணி, முட்டையைக் கவ்விய வாயோடு.

"இந்தத் தடவை நீ தூக்கிட்டுப் போனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள் முணங்கி. அவள் கடைசியாக முணுமுணுத்தது அது.

குறுணியால் நிற்க முடியவில்லை. பின்னால் நேரி வந்துகொண்டிருந்தாள். முணங்கியைத் தாண்டிப் போனாள். ஒரு சுற்று முடித்து மறுபடி அவளிடம் வந்தாள். மறுபடியும் தாண்டினாள். பதினோரு முறை தாண்டினாள். அவளுக்குப் பின்னால் நேரியும் பதினோரு முறை தாண்டினாள்.

பன்னிரண்டாவது சுற்றில் குறுணிக்குக் கால்கள் மரத்துவிட்டன. உணர்கொம்புகள் துவண்டன. இரண்டரை நாளாக அழுத்திப் பிடித்திருந்ததை அதற்கு மேல் பிடிக்க முடியவில்லை. விட்டுவிட்டாள். துணிந்து விட்டாள் என்று சொல்வதற்கில்லை. வேண்டுமென்றே செய்யப்படுவதற்கு வேறு பெயர்கள் உண்டு. இது தானாக நழுவியது. நெற்றியில் இருந்த மிச்சம் மெல்ல உருண்டு, அவள் பார்வைக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.

அப்போது குறுணி தனக்கு முன்னால் முணங்கியின் முதுகைப் பார்த்தாள்.

நன்றாகவே தெரிந்தது. வயிற்றின் பக்கம் ஒரு கீறல் இருக்குமே, அதுகூடத் தெரிந்தது. முணங்கி வட்டத்தை விட்டு விலகி, ஒரு கருவேல வேரின் மேல் ஏறி, அவள் வழக்கப்படி சலித்துக்கொண்டே நடந்தாள். உன் முன்னால் பார்த்து நட என்று குறுணிக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் முன்னால் பார்த்தாள், நடந்தாள். அவள் கால் வாசத்தை விட்டு வெளியே விழுந்தது.

கிளையில் இருந்த காகம் இறகை அசைக்கவில்லை.

நேரிக்கு முன்னால் இருந்த முதுகு திரும்பிவிட்டது. வாசமோ நேராகப் போயிற்று. வாசம் உள்ள இடத்தில் நட. முன்னால் போகிறவள் பின்னால் நட. இரண்டு விதிகளும் அந்த நிமிஷம் வரைக்கும் ஒன்றாகவே இருந்தன. இப்போது ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் போயின. உலகத்தில் முதன்முறையாக ஓர் உயிர், எது சரி என்று தெரியாமல் நின்றது. நேரிக்குப் பின்னால் எல்லாரும் நின்றார்கள். சக்கரம் நின்றது.

"குறுணி," என்றாள் நேரி. "எங்கடி போறே?"

"முணங்கி பின்னாலதான் போறேன் அக்கா."

நேரி தரையைப் பார்த்தாள். முணங்கி அங்கே, அவள் காலடியில் கிடந்தாள்.

நேரி வாசத்தை விட்டுக் காலை எடுத்தாள். குறுணியின் பின்னால், அந்த வேரின் மேல் வைத்தாள்.

அதைப் பார்த்தவர்கள் பிறகு வெகுகாலம் அதைப் பற்றியே பேசினார்கள். நூல் கண்டில் நுனி கிடைத்தால் நூல் எப்படிப் பிரிந்து வருமோ, அப்படி அந்தச் சக்கரம் பிரிந்தது. ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, உயிரோடு இருந்த ஆயிரத்து நூறு பேரும் தாயும் முட்டைகளும் அந்த வேரின் மேல் ஏறினார்கள். வேர் மரத்துக்குப் போயிற்று. மரத்தைச் சுற்றிக்கொண்டு குறுணி மேல்நோக்கி நடந்தாள். தான் கடைசியாள் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டரை நாளில் முதல் தடவையாக அவளுக்கு நிம்மதியாக இருந்தது. முன்னால் முணங்கி, பின்னால் அக்கா.

மரத்துக்கு அப்பால் கரையான்கள் விட்டுப்போன புற்று ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது. உள்ளே காய்ந்த மண்ணின் வாசனை வந்தது. அதன் வாசலில் புல்விதைகள் உதிர்ந்து கிடந்தன. குறுணி உள்ளே போய், வெதுவெதுப்பான ஓரமாகப் பார்த்து முட்டையை இறக்கி வைத்தாள். வாய் ஒழிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் யாரும் இல்லை.

திரும்பினாள். நேரி நின்றாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் நின்றார்கள்.

"அக்கா, முணங்கி எங்கே?"

நேரி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது கிழக்கு மேடு இல்லையே அக்கா."

"இல்லை."

குறுணிக்கு மெல்ல விளங்கியது. அவள் தலையைத் தாழ்த்தினாள். "வேலையைக் காட்டிட்டேன் அக்கா. என்னை மன்னிச்சுக்குங்க. நான் இங்கேயே நின்னுடறேன். நீங்க எல்லாரும் போங்க."

மன்னிப்பு என்பதை உலகம் கேட்டது அதுதான் முதல் தடவை. நேரிக்கு அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாததில் வியப்பில்லை.

"எங்கே போறது? எல்லாரும் வந்தாச்சு," என்றாள் கடைசியில். பிறகு இரண்டு அடி முன்னால் வந்தாள். தன் உணர்கொம்புகளை நீட்டிக் குறுணியின் நெற்றியைத் தொட்டாள்.

"அதுல கொஞ்சம் எனக்கும் கொடு."

"இது நல்லதில்லைக்கா."

"தெரியும். கொஞ்சமாக் கொடு."

அரைக் கடுகளவு மிச்சம்தான். ஆனால் நேரி ஒரு பொடி எடுத்துக்கொண்ட பிறகும் அது அரைக் கடுகளவே இருந்தது. நேரிக்குப் பின்னால் நின்றவள் வந்து நெற்றியைத் தொட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் வந்தாள். தாயும் வந்தாள். அது குறையவே இல்லை.

மறுநாள் நேரியே ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். வட்டத்தின் மேல் கிடந்தவர்களை எல்லாம் சுமந்து வந்தார்கள். முணங்கியைக் குறுணி தூக்கிக்கொண்டாள். வழியெல்லாம் ஒரு காதை அவள் பக்கமே வைத்துக்கொண்டு நடந்தாள்; ஏதாவது சொல்வாளோ என்று.

அதற்குப் பிறகு மற்ற உயிர்கள் ஒவ்வொன்றாகப் புற்றின் வாசலுக்கு வந்தன, தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததைப் போல. குரங்கு ஒரு பொடி வாங்கிக்கொண்டது. அதனால் எப்போதாவது ஒரு கிளையைத் தவற விடுகிறது. காகம் வாங்கிக்கொண்டு போய்க் கூட்டில் வைத்தது. குயிலின் முட்டையைத் தன் முட்டை என்று அடைகாக்கிறது. பறவைகள் வாங்கிக்கொண்டன, ஆல் முளைக்கக் கூடாத கோபுரத்தின் மேலும் ஆல் முளைக்கிறது. புலி வந்து வாங்கிக்கொண்டது. அது போன பிறகு புதரில் ஒளிந்திருந்த மான் வந்து வாங்கிக்கொண்டது. அடுத்த நாள் புலி பாய்ந்தபோது மான் அங்கே இல்லை. மான்கள் ஓட ஆரம்பித்தது அப்போதுதான். தப்பிப் பிழைக்க வழி இருக்கிறது என்று தெரிந்தால்தானே ஓடத் தோன்றும்.

கடைசியில் மனிதன் வந்தான். "பக்கத்து வீட்டுக்காரனுக்காகக் கேட்கிறேன்," என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் அள்ளினான். ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி அதைப் பங்கு போட்டார்கள். அவரவர் வழக்கப்படி வைத்துக்கொண்டார்கள். கடலுக்கு அப்பால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் தங்கள் பங்கைச் சீராக நறுக்கிச் சின்னச் சில்லுகளாக்கிச் சொற்களின் நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். மிஸ் என்பதுதான் அந்தச் சில்லு. எடுப்பதற்கு, அவர்கள் பேச்சில் டேக் என்பதற்கு, முன்னால் அதை வைத்தார்கள், மிஸ்டேக் ஆயிற்று. பயன்படுத்துவதற்கு முன்னால் வைத்தார்கள், மிஸ்யூஸ் ஆயிற்று. அச்சடிப்பதற்கு முன்னால் வைத்து மிஸ்பிரிண்ட் ஆனதை எழுதுகிறவர்கள் எல்லாரும் அறிவார்கள். தனியாக வைத்தால் அந்தச் சில்லு இன்றும் நிற்பதில்லை, வகுத்தவளின் பாறை மேல் நிற்காததைப் போலவே. யாராவது ஒருவரின் செயலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தால்தான் அதற்கு உயிர்.

கிழக்கு மேடு என்ன ஆயிற்று என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. அது தண்ணீரில் மூழ்கியிருக்கலாம். இன்னும் காலியாகக் காத்திருக்கவும் செய்யலாம். வகுத்தவள் பானையை உலகத்தின் மேல் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். தான் போடாத ஒன்று தன் பானைக்குள் எப்படி வந்தது என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். ஏதோ ஒரு நாள், எதையோ அள்ளும்போது, அவள் கையே கொஞ்சம் இடறியிருக்குமோ என்றும் சிலர் மெதுவாகச் சொல்கிறார்கள்.

சுவர் ஓரத்திலோ மரத்தடியிலோ எறும்புகள் போகும்போது குனிந்து பாருங்கள். எதிரும் புதிருமாக வரும் எறும்புகள் ஒன்றை ஒன்று நிறுத்தி நெற்றியைத் தொட்டுவிட்டுப் போகும். குறுணியிடம் வாங்கியது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கின்றன. அந்த வரிசையில் ஒருத்தி மட்டும், பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முன்னால் இல்லாத யாருடைய முதுகையோ பார்த்தபடி விலகி நடப்பாள். கருவேல வேரின் மேல் குறுணி கால் வைத்தாளே, அந்த நண்பகல் முதல்தான் அப்படி விலகுகிறவளை யாரும் தடுப்பதில்லை.